ரயிலு கவுந்ததச் சொல்லுவேன்

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே மருதையாற்றை ஒட்டி ஒரு சேரி. சாட்சியத் தொகுப்பு ஒன்றுக்காக அங்கே ஒரு ஆயாவிடம் பேச உட்கார்ந்தேன். வயது எண்பதை நெருங்கும். செல்போனைப் பதிவில் போட்டதுமே, நான் கேட்காமலே, 1956 நவம்பர் 23 விடிகாலையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ராத்திரியெல்லாம் மழை, ஆத்துல வெள்ளம், பாலம் போயி தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவுந்தது, ஊரும் சேரியும் ஒண்ணா ஓடுனது, அப்பன் தோள்மேல உக்காந்து இவர் பார்த்தது. 140-க்கும் மேற்பட்டவர்கள் செத்த விபத்து அது. ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். ஆயாவுக்கு அவர் பேர் தெரியாது. "பெரிய மந்திரியே வேலய வுட்டுட்டுப் போனாரு" என்பது தெரியும். நாற்பது நிமிஷம் பேசினார். பிணங்களைச் சொன்னபோதுகூடக் குரல் உடையவில்லை.

பிறகு நான் கேட்க வந்ததைக் கேட்டேன். அதே அப்பனை, ரயில் கவிழ்ந்து சில வருஷங்களில், ஊர்க்காரர்கள் மரத்தில் கட்டிவைத்த சம்பவம். சேரியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயந்தான். ஆயாவின் கை முந்தானையைச் சுருட்ட ஆரம்பித்தது. வாசலைப் பார்த்தார். "ரயிலு கவுந்ததச் சொல்லுவேன். இது எதுக்கு சாமி? எழுதிப்புட்டு நீ பஸ்ஸேறிப் போயிருவ. நாளக்கி வெங்காயம் அறுக்க நான் அந்தக் கொல்லையிலதான நிக்கணும்?"

இரண்டும் சிறுவயது நினைவுகள். இரண்டிலும் பயம் இருக்கிறது. ஒன்று அவர் கைக்குள் அடங்கியிருக்கிறது, இன்னொன்றுக்குள் அவர் அடங்கியிருக்கிறார். தலித் எழுத்தைப் பற்றி நம் விமர்சகர்கள் சொல்லிவருவதை இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

'உணர்ச்சியைக் கட்டுப்படுத்துங்கள், ஆறவைத்து எழுதுங்கள், அப்போதுதான் கலையாகும்.' பாமாவின் 'கருக்கு' வந்த 1992-இலிருந்து நாம் கேட்டுக் கேட்டுப் புளித்த உபதேசம் இது. புதுசும் இல்லை. மனம் அமைதியான பின் பழைய உணர்ச்சியைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதில்தான் கவிதை பிறக்கிறது என்ற பொருளில் ஆங்கிலக் கவி வேர்ட்ஸ்வொர்த் 1800-இலேயே எழுதிவிட்டார். அமைதி வாய்த்தவர்களுக்கு நல்ல யோசனைதான்.

நினைவை அடக்குவது பற்றி உளவியல்காரர்கள் சொல்வதைக் கொஞ்சம் கேட்கலாம். 1987-இல் டேனியல் வெக்னர் ஒரு சோதனை செய்தார். வெள்ளைக் கரடியை நினைக்காதே, நினைப்பு வந்தால் மணியை அடி என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. 2001-இல் ஆண்டர்சன், கிரீன் இருவரும் வேறொன்றைக் காட்டினார்கள்: பழகினால் ஒரு நினைவைத் தள்ளிவைக்க முடியும், அது மங்கவும் செய்யும். ஆனால் அவர்கள் சோதித்தது ஜோடி ஜோடியாகக் கொடுத்த சாதாரண வார்த்தைகளை வைத்து. பதற்றம் மிகுந்தவர்களிடம் அந்தத் தள்ளிவைக்கும் திறன் குறைந்துவிடுகிறது என்று பின்வந்த ஆய்வுகள் சொல்கின்றன. அதாவது எவருக்கு மறதி அதிகம் தேவையோ அவருக்கே அது கிட்டுவதில்லை. இன்னொன்றும் உண்டு. பயம் அழிவதில்லை, 'இங்கே இனி ஆபத்தில்லை' என்று இன்னொரு பாடம் அதன்மேல் ஏறுகிறது. அந்தப் பாடம் கற்ற இடத்தில்தான் நன்றாகச் செல்லும். பயந்த இடத்துக்கே திரும்பிப் போனால் பழைய பயம் எழுந்து நிற்கிறது.

மருதையாற்றில் மறுபடி பாலம் கட்டினார்கள், தினமும் ரயில் போகிறது, ஆயாவே அதில் திருச்சிக்குப் போயிருக்கிறார். புதுப் பாடம் ஏறிவிட்டது. அப்பனைக் கட்டிய மரத்துக்காக எந்த மந்திரி விலகினார்? கட்டினவரின் பேரன்தான் இன்றைக்கு ஆயாவுக்குக் கூலி எண்ணிக் கொடுக்கிறவர். 'ஆறவை' என்கிறவர் அடுப்பு இன்னும் எரிவதைப் பார்க்கவில்லை.

'கருக்கு'க்கே வருவோம். அதில் வரிசை இல்லை, சொன்ன சம்பவமே மறுபடி மறுபடி வருகிறது என்பது குறையாகச் சொல்லப்பட்டது. அந்த வட்டம்தான் அந்தப் பிரதியின் நேர்மை என்று நினைக்கிறேன். மடத்தை விட்டு வெளியே வந்து, அடுத்து என்ன என்று தெரியாத நிலையில் எழுதப்பட்டது அது. பதற்றத்தில் இருக்கிற மனசு ஒருதடவை சொல்லி முடிப்பதில்லை.

அதைவிட முக்கியமாக ஒரு காட்சி. தெருவில் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கை படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நாயக்கரிடம் போகிறார். பார்த்த சிறுமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை, காரணத்தைச் சொல்கிறார். அதற்குப்பின் அதே காட்சி அவளுக்குக் கோபமாகிவிடுகிறது. கண்ணால் கண்டதில் ஒரு எழுத்து மாறவில்லை, அதில் ஒட்டியிருந்த உணர்ச்சி மட்டும் மாறிவிட்டது. நினைவை ஆளுவது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அதை அமுக்குவதும் இல்லை, ஆறவைப்பதும் இல்லை. எந்த உணர்ச்சியோடு அதை வைத்துக்கொள்வது என்று நாமே தீர்மானிக்கிற இடத்துக்கு வருவது. அதற்கு ஒரு அண்ணன் வேண்டியிருக்கிறது, பயமில்லாமல் பேச ஒரு வீடு வேண்டியிருக்கிறது.

கே.ஏ. குணசேகரனின் 'வடு'விலும் (2005) இது உண்டு. இளையான்குடி முஸ்லிம்கள் நடுவே சாதி உறுத்தாமல் புழங்கிய பையன், சுற்றுக் கிராமங்களுக்குப் போகும்போதெல்லாம் அங்கே சாதியில் இடிபடுகிறான். சில மைல் தூரத்தில் மனசு வேறாகிறது. அந்தப் புத்தகத்தில் அவ்வளவு எகத்தாளமும் பாட்டும் இருக்கக் காரணம், தள்ளி நின்று பார்க்க அவருக்கு இன்னொரு இடம் இருந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் மேடைகளில் அந்தச் சிரிப்பை யாரும் பேசுவதில்லை. வடுவைத்தான் காட்டச் சொல்கிறோம்.

மேல்சாதி விமர்சகன் 'அழாதே' என்கிறான். நம்ம ஆளுங்க 'இன்னும் கொஞ்சம் அழு' என்கிறோம். நானும்தான். அன்றைக்கு ஆயா வாயை மூடியபிறகு விடாமல் மூன்று தடவை கேட்டேன். பதிவில் இருக்கிறது, போட்டுக் கேட்கவே கூசுகிறது. மூன்றாவது தடவை பக்கத்திலிருந்த பேத்தி, "விடுங்கண்ணே, ராத்திரி தூங்க மாட்டாங்க" என்றாள். அந்தப் பிள்ளை சொன்ன பிறகுதான் போனை அணைத்தேன்.

தொகுப்புக் குழுவிலிருந்து, 'ரயில் விபத்து நமக்கு எதுக்கு தோழர், தலித் அனுபவம் எதுவும் இல்லையே' என்று கேட்டிருக்கிறார்கள். ரயில் கதையை அவர் சொன்னபடியே, நாற்பது நிமிஷத்தையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். மரத்தைப் பற்றி அவர் பேச மறுத்ததையும், மறுத்த காரணத்தையும், பேர் ஊர் இல்லாமல், அவரிடம் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்கிச் சேர்த்திருக்கிறேன். அதை வெட்டாமல் போடுங்கள்.