ஒரே பெட்டியில் ஸ்டீரியோ

மேடையில் கீபோர்டுக்காரருக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் டிரம்ஸுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம். அங்கே இரண்டு ஸ்பீக்கர்களை விலக்கி வைக்க வழியில்லை. அதனால் பலர் ஒற்றை ஒயரில் மோனோவாகக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு மைக்கில் பதிந்த பியானோ ஒலி அப்படி ஒன்றாகக் கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று தின்றுவிடும்; மிஞ்சுவது தகரப் பியானோ.

ஆஸ்பென் பிட்மேனின் ஸ்பேஸ்ஸ்டேஷன் என்ற ஸ்பீக்கர் பெட்டி இதைச் சமாளிக்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முன்பக்க ஸ்பீக்கர் இடது, வலது இரண்டையும் கூட்டி ஒலிக்கும். பக்கவாட்டு ஸ்பீக்கர் இரண்டுக்குமான வித்தியாசத்தை மட்டும். கூட்டலும் கழித்தலும் காற்றில் சேர்ந்து, சின்னப் பெட்டியிலிருந்து அறை நிறைய ஒலி. ஆலன் புளூம்லைன் 1931-ல் விண்ணப்பித்த ஸ்டீரியோ காப்புரிமையிலேயே இந்தக் கணக்கின் வேர் இருக்கிறது. ரோட்ஸ் பியானோ இடம்வலமாக ஊசலாடுவதையும் லெஸ்லி ஸ்பீக்கர் சுழல்வதையும் இதில் கேட்க வேண்டும்! ஹெட்போனின் துல்லியமான இடது-வலது மட்டும் கிடைக்காது. அதுதான் வேண்டுமென்பவர்கள் வேறு பார்த்துக்கொள்ளலாம்.

வைக்கும் இடம்தான் பாதி வேலை. மூலையில் தள்ளினால் பேஸ் குமுறும். பக்கவாட்டு ஸ்பீக்கரைத் திரைச்சீலை மறைத்தால் விரிவு செத்துப்போகும். அந்தப் பக்கம் சற்றுத் தள்ளி வெறும் சுவர் இருந்தால் நல்லது. விரிவுக் குமிழை அதிகம் திருகினால் பியானோவின் நடுப்பகுதி காணாமல்போகும். கீபோர்டு வால்யூமை முக்கால்வாசி ஏற்றிவிட்டு, பெட்டியில் குறையுங்கள். தலைகீழாகச் செய்தால் இரைச்சல்தான் கூடும்.