இதிகாசமா, பள்ளா?

ஒரு நூல் தன் இலக்கிய வகையை அட்டையிலேயே அறிவித்துக்கொண்டு வந்தால் விமர்சகனுக்கு வேலை மிச்சம் என்று நினைப்பது தவறு. வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ ஆனந்த விகடனில் தொடராக வந்து நூலாகி, 2003ஆம் ஆண்டு சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. போற்றுகிறவனுக்கு ‘இதிகாசம்’ என்ற சொல் ஒரு பட்டம். சலித்துக்கொள்கிறவனுக்கு அது ஆடம்பரம். நூல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்ற கேள்வி இருவருக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது.

கதை பலருக்கும் தெரிந்தது. வைகை அணைக்காக மூழ்கிய ஊர்களில் ஒன்று, அதில் பேயத்தேவர் என்ற மானாவாரிச் சம்சாரி. அணை 1959இல் திறக்கப்பட்டது. ஆசிரியரே சிறு வயதில் அப்படி இடம்பெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். ‘இப்படித்தான் நடந்தது’ என்ற அந்த வடசொல்லின் மூலப் பொருளில் இதை இதிகாசம் என்றால் மறுப்பதற்கில்லை.

ஆனால் இதிகாசத்துக்கென்று ஓர் அமைப்பு உண்டு. அங்கே சாபமும் சபதமும் முடிவை நோக்கித் தள்ளிக்கொண்டே போகும். கிளைக்கதைகூட ஊழின் கணக்கில் சேரும். இந்த நூலிலோ பக்கங்களைத் தாங்கி நிற்பது வேலை. கிணறு வெட்டுவது, சாராயம் காய்ச்சுவது என்று ஒவ்வொன்றும் அதனதன் கருவிகளோடும் பக்குவத்தோடும் சொல்லி முடிக்கப்பட்ட பிறகே அடுத்ததற்குப் போகிறோம். வாரப் பத்திரிகையின் நிர்ப்பந்தம் இது என்று சொல்லலாம். அது பாதி உண்மை. இப்படி வேலையை அடுக்கி நூல் செய்யும் வழக்கம் நம் தொண்ணூற்றாறு பிரபந்த வகைகளிலேயே இருக்கிறது. பள்ளைத்தான் சொல்கிறேன்.

முக்கூடற் பள்ளில் மழைக்குறி தோன்றுகிறது, ஆற்றில் வெள்ளம் வருகிறது. பிறகு விதை வகை, மாட்டு வகை, உழவு, நடவு, அறுவடை. இரண்டு மனைவியரின் ஏசல் ஊடே ஓடுகிறது. கதை மெலிந்த அந்த நூலுக்கு வேலையின் வரிசையே எலும்பு. வெள்ளம் வந்தால்தான் பள்ளனுக்கு வேலை. நூலும் அப்போதுதான் நகரும். வைரமுத்துவிடம் வெள்ளம் கடைசியில் வருகிறது. எல்லா வேலையும் முடிந்தபின் வந்து, பாடுபட்ட மண்ணை மூடிவிடுகிறது. இதைத் தலைகீழாக நடக்கும் பள்ளு என்றே நான் படிக்கிறேன்.

இந்தத் தலைகீழ் அந்த நிலப்பகுதியிலேயே இருக்கிறது. பெரியாற்று அணை 1895இல் திறக்கப்பட்டு, மலையைக் குடைந்த வழியாகத் தண்ணீர் கிழக்கே திரும்பியது. அந்தத் தண்ணீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கில், லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை, 14,707 ஏக்கர் இருபோக நஞ்சை விளைகிறது. அங்கே பள்ளு நேராக நடக்கும். அதே தண்ணீர் முல்லையாறாக இறங்கி, வைகையோடு கலந்து, ஆண்டிபட்டிக்கு அருகே தேங்கும் இடத்தில் புஞ்சைக்காட்டு ஊர்கள் அடியில் கிடக்கின்றன.

பெயர் எதுவானால் என்ன என்று கேட்கலாம். இதிகாசத்தில் அழிவு விதியின் காரியம். வாசகன் அழுது மனம் தேறிவிடலாம். அணை என்பது அளந்து, வரைபடம் போட்டு, கையெழுத்திட்டுச் செய்த காரியம். பள்ளில் பண்ணைக்காரன் இருக்கிறான். அவன் பள்ளனைத் தொழுவில் மாட்டுவதும் அவனையே நூல் கேலி செய்வதும் உண்டு. யார் உழைக்கிறான், யார் அதிகாரம் செய்கிறான் என்பதை அந்தச் சிறிய வகை மறைப்பதில்லை. இன்னொன்று: பள்ளில் உழுகிறவனுக்கு நிலம் சொந்தமில்லை. பேயத்தேவர் தன் காட்டில் பாடுபட்டவர். அதனால் அவர் இழப்புக்கு ஓர் இதிகாசம் கிடைத்தது. அதே ஊரில் கூலிக்கு நின்றவனும் ஊரைத்தான் இழந்தான். நாயகனைச் சுற்றி எழும் இதிகாசத்தில் அவனுக்கு இடம் எங்கே?

இந்த நூலின் நல்ல பக்கங்கள் கை வேலை செய்கிற பக்கங்கள். அங்கெல்லாம் ஆசிரியர் தன் தலைப்பை மறந்துவிடுகிறார். வாசகனும் அதை மறந்துவிட்டுப் படிப்பது நல்லது.