88 வயதில் ஒரு சிறுவனின் குரல்

முள்ளியவளை அகிலத்திருநாயகி 70 வயதைத் தாண்டிய பிறகு, 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் வென்று வந்தார். அதை விளையாட்டுச் செய்தியாக ஏற்க வன்னியில் யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை. ஓடிய தூரமும் எடுத்த நேரமும் ஓடியவரின் வயதும் கண்முன்னே இருந்தன. அதே கண்ணோடு பார்க்கப்பட வேண்டிய இன்னொருவர் ஜப்பானியக் குரல் நடிகை மசாகோ நொசாவா. 1936 ஒக்டோபர் 25இல் பிறந்த இவர், 1986 பெப்ரவரியில் தொடங்கிய ‘டிராகன் பால்’ கார்ட்டூன் தொடரில் கோகு என்ற சிறுவனுக்குக் குரல் கொடுத்தார். அந்த வரிசையின் புதிய தொடரான ‘டிராகன் பால் டைமா’ 2024 ஒக்டோபரில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அதே மாதம் அவருக்கு 88 வயது நிறைந்தது. கோகு அப்போதும் அவர் குரலில்தான் பேசினான். இதைக் கலைப்பக்கத்துப் பாராட்டோடு விட்டுவிட முடியாது. குரல் நடிப்பு உடலால் செய்யும் வேலை. உடலின் அளவுகோலை வைத்துப் பார்த்தால்தான் இவர் செய்தது எவ்வளவு பெரிது என்று பிடிபடும்.

வேலைப்பளுவை முதலில் பார்ப்போம். முதல் தொடர் 153 அத்தியாயங்கள். அதைத் தொடர்ந்து வந்த ‘டிராகன் பால் இசட்’ 291. இரண்டும் சேர்ந்து 1996 ஜனவரி வரை, ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் வாராவாரம் ஓடின. பிறகு ‘ஜிடி’ 64, 2015இல் தொடங்கிய ‘சூப்பர்’ 131. திரைப்படங்களும் காணொளி விளையாட்டுகளும் இந்தக் கணக்கில் சேரவில்லை. கோகு உட்கார்ந்து கதை பேசுகிற பாத்திரமும் அல்ல. அடிக்கிறான், அடி வாங்குகிறான், ‘கமேஹமேஹா’ என்று மூச்சு முடியும்வரை நீட்டிக் கத்துகிறான். சாதாரணமாகப் பேசும்போது ஆணின் குரல்நாண்கள் நொடிக்கு 110 – 120 தடவையும் பெண்ணுடையவை 200 தடவையளவிலும் அதிர்கின்றன. சிறுவர் குரல் அதற்கும் மேலே நிற்கும். பையன்களின் பாத்திரத்துக்குப் பெண்களை அமர்த்துவதற்குக் காரணமும் இதுதான்: உண்மையான பையனின் குரல் சில ஆண்டுகளில் உடைந்துவிடும், பெண்ணின் குரல் அப்படி உடையாது. ஆனால் வயது பெண்ணின் குரலையும் விடுவதில்லை. குரல்நாணின் தசை மெலிகிறது, நெஞ்சுக்கூடு இறுகுகிறது, ஒரே இழுப்பில் பிடிக்கும் காற்று குறைகிறது. பாத்திரத்தின் குரலோ அதே உயரத்தில் நிற்க வேண்டும். ஓட்டக்காரருக்கு வயதுக்கேற்ற பிரிவு உண்டு. நொசாவாவுக்கு அப்படி ஒரு சலுகை கிடையாது.

வேலை நடக்கும் விதத்தையும் கவனிக்க வேண்டும். ஜப்பானியக் கலையகங்களில் நடிகர்கள் ஒரே அறையில் கூடி, திரையில் ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டு பேசுவது நெடுநாள் வழக்கம். நடிகர்கள் பலர், ஒலிவாங்கிகளோ ஒருசில. தன் வசனம் வரும் நொடியில் முன்னே வந்து, பேசி முடித்ததும் அடுத்தவருக்கு இடம் விட்டுச் சத்தமின்றிப் பின்வாங்க வேண்டும். கையில் இருக்கும் பிரதியின் தாள் புரளும் ஓசைகூடப் பதிவில் விழக்கூடாது. நொசாவா கோகுவுக்கு மட்டுமல்ல, கதையில் அவன் வளர்ந்து தகப்பனான பிறகு அவன் மகன்கள் கோஹானுக்கும் கோத்தேனுக்கும் கூடக் குரல். தகப்பனும் பிள்ளைகளும் ஒரே காட்சியில் பேசும்போது மூன்று குரலும் ஒரே தொண்டையிலிருந்து, மாறிமாறி வர வேண்டும். இது பேச்சுத் திறமை மட்டுமல்ல, தசைக் கட்டுப்பாடு.

‘பிழைத்தால் மறுபடி பதியலாமே, மைதானத்தில் அப்படி முடியுமா?’ என்று கேட்பார்கள். மறுபதிவு என்பது தப்பும் வழி அல்ல. தொண்டை கிழியக் கத்திய ஒரு கத்தலை இன்னொரு முறை கத்துவது; களைப்பு அதனால் கூடவே செய்யும். எல்லோராலும் இதைத் தாங்க முடியாது என்பதற்கு அகிகோ யஜிமா சாட்சி. நம் பிள்ளைகள் தமிழ் பேசக் கேட்ட ஷின்சானின் ஜப்பானியக் குரல் அவர். 1992 முதல் 26 ஆண்டுகள் அதைச் செய்துவிட்டு, 2018இல் தானாகவே விலகினார். குரலைத் தக்கவைப்பதிலேயே கவனம் முழுதும் போய்விடுகிறது, பாத்திரம் இயல்பாக வருவதில்லை என்பதே அவர் சொன்ன காரணம். உச்சத்தில் இருந்த கலைஞர் ஒருவர் தன் எல்லையைத் தானே கண்டு நின்ற நேர்மை அது. அந்த எல்லையைத் தாண்டி நொசாவா இன்னும் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பதையும் அதுவே காட்டுகிறது.

இன்னொரு மறுப்பு வலுவானது. இளையவருக்கு வழிவிட வேண்டாமா? கார்ட்டூன் பாத்திரமான டோரேமோனுக்கு 1979 முதல் குரல் கொடுத்த நொபுயோ ஓயாமாவும் அவரது சக நடிகர்களும் 2005இல் ஒன்றாக விலகினார்கள், வசாபி மிசுதா பொறுப்பேற்றார், தொடர் இன்றும் ஓடுகிறது. நொசாவாவின் குரல் 1989இல் இருந்ததுபோல இப்போது இல்லை என்பதும் உண்மை. ‘சூப்பர்’ தொடரின் நீண்ட கத்தல்களில் கரகரப்பு தட்டுகிறது, உச்சத்தில் குரல் மெலிகிறது. ஆனால் சண்டைக்கு நடுவிலும் வெகுளியாகச் சிரிக்கும் அந்தச் சிரிப்பு அசையவில்லை. வேகம் குறைந்த பந்துவீச்சாளர் விக்கெட் எடுக்கும்வரை அணியில் இருப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. குரலுக்கு மட்டும் வேறு நியாயம் எதற்கு?

இத்தனையும் அலச முடிவது, ஆண்டும் அத்தியாயமும் பெயரோடு பதிவாகியிருப்பதால். 2017இல் கின்னஸ் நொசாவாவுக்குச் சான்றிதழ் தந்தது. ஒரே பாத்திரத்துக்குக் காணொளி விளையாட்டுகளில் குரல் கொடுத்த காலம் 23 ஆண்டு 218 நாள் என்று நாள் பிசகாமல் எண்ண அதனால் முடிந்தது. தமிழில் அது முடியாது. சுட்டி டிவியில் டோரா தமிழ் பேசினாள், எத்தனையோ பாத்திரங்கள் இன்றும் பேசுகின்றன. குரல் கொடுத்த பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் திரைக்கு வருவதே இல்லை. மின்சாரம் இல்லாத 90களில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட வன்னி மண் இது. இலங்கை வானொலியின் இராஜேஸ்வரி சண்முகம் போன்றோரின் குரலை முகம் பாராமலே அடையாளம் கண்டு, பெயர் சொல்லிப் பாராட்டிய நேயர்கள் இங்கே வீட்டுக்கு வீடு இருந்தார்கள். வானொலி நாடகத்தின் முடிவில் நடித்தவர் பெயரை வாசித்தது. கார்ட்டூனைத் தமிழில் தரும் அலைவரிசைகளும் ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் சில நொடிகள் ஒதுக்கி, பேசியவர்களின் பெயரைத் தமிழில் போட வேண்டும். செலவில்லாத வேலை இது. அதைச் செய்யாதவரை, தமிழிலும் ஒரு நொசாவா இருக்கிறாரா என்று தேடிப் பார்க்கக்கூட நமக்கு வழியில்லை.