முதிர்ச்சிக்கு மதிப்பெண் இடலாமா?

ஒரு பொருளின் தரமறிந்து பாராட்டுவது ஒரு கலை. அக்கலை பிழைபடுமாயின் கேடு அப்பொருளோடு நின்றுவிடுவதில்லை. அதனைப் படைக்கும் மரபும் நாளடைவில் அழிந்துபடும். இவ்வுண்மையை விளக்குதற்கு இத்தாலி நாட்டுச் சிற்றூர் ஒன்றின் செந்நிறத் திராட்சை மதுவை இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தளித்த வள்ளுவர் வழிவந்த நமக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என வினவுவோர் இருக்கலாம். குடிப்பழக்கத்தைப் போற்றுதல் என் நோக்கமன்று. ஆயினும் யவனர் கலங்களில் வந்த நறுமது புறநானூற்றில் இடம்பெற்றுள்ளதையும், அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு நிகழ்ந்த அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடித் துண்டுகள் வெளிப்பட்டதையும் நாம் அறிவோம். தெளிந்த மதுவைத் ‘தேறல்’ என்றனர் நம் முன்னோர். தேறுதல் என்பது தெளிதல். தெளிவுக்குக் காலம் வேண்டும் என்னும் உண்மை அச்சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. நான் கூறவிருப்பதும் அதுவே.

இத்தாலியின் வடமேற்கே, பியமொந்தே மாநிலத்தில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் சேசியா ஆற்றங்கரையில் உள்ளது கத்தினாரா என்னும் ஊர். அங்கு விளையும் நெபியோலோ என்னும் திராட்சையை அவ்வூரார் ‘ஸ்பன்னா’ என்பர். அதே மாநிலத்தின் தென்பகுதியில் இதே பழத்திலிருந்து பிழியப்படும் பரோலோ மதுவை உலகமே அறியும். கத்தினாராவை அறிந்தோர் சிலரே. பரோலோவின் தோட்டங்கள் 2,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்து கிடக்க, கத்தினாராவின் தோட்டங்கள் ஏறத்தாழ 100 ஹெக்டேர் அளவிலேயே அடங்கிவிடுகின்றன.

முன்னாளில் இந்நிலை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இவ்வடபகுதி முழுவதும் கொடிகள் செழித்திருந்தன. பின்னர் பிலொக்சேரா என்னும் வேர்ப்பூச்சி வந்தது, போர்கள் வந்தன, பியெல்லா நகர்ப்புறத்து நெசவாலைகள் உழவர்களை மாதச் சம்பளம் காட்டி அழைத்தன. ஆளற்ற சரிவுகளைக் காடு மீட்டுக்கொண்டது. இந்த மது இழிந்ததால் தோட்டங்கள் சுருங்கவில்லை. தோட்டங்கள் சுருங்கியதால்தான் இதனை உலகம் மறந்தது.

மண்ணும் இங்கு வேறு. பரோலோவின் மண் சுண்ணாம்பு கலந்த களிமண். கத்தினாராவின் நிலமோ ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முன் குமுறிய மாபெரும் எரிமலை ஒன்றின் எச்சம். புளிப்புத் தன்மை மிக்க இப்பாறை மண், மதுவுக்கு மெலிந்த உடலையும் கூரிய புளிப்பையும் தருகிறது. பருத்த சுவையை நாடுவோர்க்கு இது குறை. நுண்சுவை நாடுவோர்க்கு இதுவே நிறை.

செய்முறை எளியது, ஆனால் பொறுமையைக் கேட்பது. பழத்தோலோடு சேர்த்தே சாற்றை நெடுநாள் நொதிக்கவிட்டு, பின்னர்ப் பல்லாயிரம் லிட்டர் கொள்ளும் பழைய ஓக் மரப்பீப்பாய்களில் ஊற்றி வைப்பது மரபு. கொள்கலம் பெரியதாகவும் பழையதாகவும் இருப்பதால் மரத்தின் மணம் மதுவில் ஏறுவதில்லை. மரத்தின் நுண்துளை வழியே நுழையும் சிறிதளவு காற்று மட்டும் தன் வேலையை மெல்லச் செய்கிறது. கத்தினாரா குறைந்தது 35 மாதம் முதிர வேண்டும் என்றும், அவற்றுள் 24 மாதம் மரத்துக்குள் கழிய வேண்டும் என்றும் சட்டம் விதிக்கிறது. பரோலோவுக்கு மொத்தம் 38 மாதம். ஆயினும் மரத்துக்குள் 18 மாதமே போதும். புகழ் குறைந்த மதுவே மரத்துக்குள் நெடிது காத்திருக்கிறது!

இளமையில் இதனைப் பருகுவோர் முகம் சுளிப்பர். நாவைப் பிடிக்கும் துவர்ப்பும் பல் கூசும் புளிப்புமே முன்னிற்கும். பத்து, பதினைந்து ஆண்டுகள் கழியட்டும். துவர்ப்புப் பொருள்கள் ஒன்றோடொன்று பிணைந்து பெருகி, ஒரு பகுதி வண்டலாய் அடியில் தங்கும். முன்பே அடர்த்தி குறைந்த அதன் செந்நிறம் செங்கல் நிறமாய் மாறி, விளிம்பில் ஆரஞ்சுச் சாயல் படரும். பழமணம் ஒதுங்க, உலர்ந்த ரோஜா, புகையிலை, தோல், மழை நனைந்த மண் ஆகியவற்றின் மணங்கள் ஒவ்வொன்றாய் எழும். புளிப்பு மட்டும் மாறாது நின்று, முதுமைக்கு முதுகெலும்பாய் விளங்கும்.

இத்தகைய மது ஏன் புறக்கணிக்கப்பட்டது? இங்குதான் திறனாய்வாளரின் பொறுப்பு எழுகிறது. அமெரிக்க வழக்கறிஞர் ராபர்ட் பார்க்கர் 1978ஆம் ஆண்டில் மதுத் திறனாய்வு இதழொன்றைத் தொடங்கி, நூற்றுக்கு இத்தனை எனப் புள்ளி வழங்கும் முறையைப் பரப்பினார். வணிகரின் விளம்பரத்தையே நம்பியிருந்த நுகர்வோர்க்கு அது பெருந்துணையாயிற்று என்பதை மறுத்தல் நேர்மையன்று. ஆனால் அம்முறையின் நடைமுறையை எண்ணிப் பாருங்கள். ஒரே அமர்வில் பல பத்து மதுக்களை, உணவின்றி, ஒரு வாய் கொண்டு உமிழ்ந்து மதிப்பிடுகின்றனர். அந்நெரிசலில் உரத்துப் பேசுவதே செவியில் விழும். அடர்ந்த நிறமும், புது மரத்தின் வனிலா இனிப்பும், கனிந்த பழச்சுவையும் உடையவை உயர்ந்த புள்ளி பெறும். மெல்லப் பேசுவது தோற்கும்.

விளைவு என்ன? 1980களில் பரோலோ இளைஞர் பலர் 225 லிட்டர் கொள்ளும் புதிய பிரெஞ்சு மரப்பீப்பாய்களுக்கு மாறினர். எலியோ அல்தாரே என்பவர் தம் தந்தையின் பழம்பீப்பாய்களை இயந்திர வாளால் அறுத்தெறிந்தார். தந்தையோ அவருக்குத் தம் சொத்துரிமையை மறுத்தார். மறுபுறம் பர்த்தோலோ மஸ்கரெல்லோ என்னும் முதியவர், சிறு பீப்பாயும் வேண்டா, பெர்லுஸ்கோனியும் வேண்டா என்று தம் புட்டிச் சீட்டிலேயே எழுதி ஒட்டினார். அவர் 2005ஆம் ஆண்டில் மறையும் வரை தம் மரபை விட்டு அகலவில்லை.

இவ்விருவருள் ஒருவரைத் தூற்றி மற்றவரைப் போற்றுவது எளிது. அஃது அறமாகாது. அல்தாரே தலைமுறையினர் வறுமையைக் கண்டவர்கள். பழமை என்னும் பெயரால் தூய்மையற்ற பீப்பாய்களும் கருத்தற்ற உழைப்பும் நிலவியதும் உண்மையே. முதுமை தன்னளவில் சிறப்பன்று. உள்ளீடற்ற மது ஆண்டுகள் ஏற ஏறக் காடியின் திசையிலேயே செல்லும். உலகில் விளையும் மதுவுள் பெரும்பகுதி இளமையிலேயே பருகத்தக்கது.

ஆயினும் என் வாதம் வேறு. காத்திருந்தால் மட்டுமே பேசும் பொருளை, காத்திராத அளவுகோலால் அளப்பது தவறு. மூன்றாண்டுக்கும் மேலாக முதலை முடக்கிக் காத்திருப்பவனுக்கு உரிய விலை கிட்டாவிடில் அவன் மகன் அத்தொழிலுக்கு வாரான். எனவே பிழையான மதிப்பீடு ஏட்டோடு நிற்பதில்லை. மலைச்சரிவில் கொடியை வேரறுக்கிறது.

காலம் இப்போது சிறிது திரும்பியுள்ளது. பரோலோவின் புகழ்மிக்க ஜாக்கோமோ கொன்தெர்னோ மரபில் வந்த ரொபெர்த்தோ கொன்தெர்னோ, 2018ஆம் ஆண்டில் கத்தினாராவின் பழைய நெர்வி நிறுவனத்தை விலைக்கு வாங்கினார். சிறந்ததைச் செய்யத் தெரிந்தவர் ஒருவர், மறக்கப்பட்ட மண்ணின் மதிப்பைத் தம் பணத்தைக் கொண்டே உரைத்தார் என்று இதனைக் கொள்ளலாம். ஆனால் புகழ் வந்தால் விலையும் ஏறும். எளியோர் கையில் எட்டிய நல்ல மது செல்வர் நிலவறைக்குள் ஒளிந்துகொள்ளும். இதுவும் எண்ணத்தக்கதே.

நூலைப் படித்து மதிப்பிடும் நமக்கும் இதில் பாடம் உண்டு. போட்டிக்கு வந்த கதைகளை ஒரே இரவில் படித்து முடித்துப் பரிசளிக்கும் நடுவரும், ஒரு வாய் கொண்டு உமிழும் சுவைஞரும் ஒரே இடரில்தான் நிற்கின்றனர். முதல் வாசிப்பில் கவர்ந்ததெல்லாம் நிலைப்பதில்லை. துவர்த்ததெல்லாம் தாழ்ந்ததும் இல்லை. உடனே தீர்ப்பு வழங்குவது திறனாய்வாளர் கடமை என்பர். தீர்ப்பை ஒத்திவைக்கத் தெரிவதும் அவர் கடமையே. கலங்கியது தேறும் வரை காத்திருப்போம்.