துவாயும் இயந்திரமும்

“டவலை முறுக்கிப் பிழியறதெல்லாம் ஒரு எக்சர்சைஸாண்ணே? உங்க ஊர்ல மெஷினே கிடையாதா?” சென்னையில் அக்கா வீட்டுக்குப் பக்கத்து ஜிம்மில் பயிற்சியாளர் தம்பி கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனாலும் முழங்கை நரம்பில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவன் மறுபடி பளு தூக்குவதற்கு யாழ்ப்பாணத்தில் எப்படி ஆயத்தப்படுத்துகிறார்கள், சென்னையில் எப்படி என்று எழுதியே ஆகவேண்டும் என அன்றைக்கே எனக்குப் பட்டது.

முழங்கையின் உட்பக்கத்தில் துருத்தி நிற்கும் எலும்பு முனைக்குப் பின்னால், ஓர் ஒடுங்கிய வழியால் உல்நார் நரம்பு கீழிறங்குகிறது. இடிபட்டால் மின்சாரம் தாக்கியதுபோல் சுண்டுவிரல் வரைக்கும் ஓடும் இடம் அதுதான். கையை மடக்கும்போதெல்லாம் அந்த நரம்பு இழுபட்டு நெருக்குப்படும். நெருக்கம் நீடித்தால் சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் உணர்விழக்கும். பிறகு பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதை வற்றிக் குழி விழும். எனக்குக் குழி விழுவதற்கு முன்னரே வழியைத் திறந்து, நரம்பை எலும்புக்கு முன்பக்கமாக நகர்த்தித் தோலின் கீழ் வைத்தார்கள். யாழ்ப்பாணத்தில், அரச வைத்தியசாலையில். ஒரு சதமும் கட்டவில்லை.

சத்திரசிகிச்சை சில மணித்தியால வேலை. அதன் பிறகு வருவதுதான் நீண்டது, அதில்தான் எங்கள் ஊரின் அருமை தெரியும். இயன் மருத்துவப் பிரிவில் இருந்த மிஸ்ஸுக்கு என் மகளின் வயது இருக்கும். முதல் நாளே சொன்னா: “அண்ணை, நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர்தான் வளரும். முழங்கையில இருந்து விரல் நுனிக்குக் கணக்குப் பாருங்கோ.” பார்த்தேன். நாற்பது சென்ரிமீற்றர் என்றால் நானூறு நாள். பளு தூக்குகிறவனுக்கு இதைவிடத் தேவையான கணக்கு வேறில்லை, ஏனென்றால் தசை கிழமைக் கணக்கில் பலம் பெறும், நரம்பு மாதக் கணக்கில்தான் மீளும். தசை தயார் என்று சொல்லும்போது நரம்பு தயாராக இராது.

தையல் வெட்டும் வரைக்கும் விரலையும் தோள்மூட்டையும் மட்டும் அசைக்கச் சொன்னா. இரவில் கை மடங்காமல் இருக்க முழங்கையைச் சுற்றித் துவாயைக் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். நரம்பு வடுவோடு ஒட்டிப்போகாமல் வழுக்கி ஓடவென்று மெல்லிய அசைவுகள் சில. அதிலே கூச்சம் எழும்பினால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். பிறகு ஈரத்துவாயைப் பிழிதல், விரல்களுக்கு இடையில் கடதாசியை இறுக்கிப் பிடித்தல், அதன் பிறகு றப்பர் பட்டி. கிட்டத்தட்ட ஆறு கிழமை தாண்டும்வரை பாரம் என்ற பேச்சே இல்லை. நரம்பைத் தசைக்கு அடியில் புதைத்தவர்களுக்கு இன்னும் கூட நாள் எடுக்கும், ஏனென்றால் வெட்டிப் பொருத்திய தசையும் ஆறவேண்டும்.

“மற்றக் கையைச் சும்மா வைச்சிருக்காதேங்கோ. அது பழகப் பழக இதுக்கும் கொஞ்சம் பலன் வரும்” என்றும் சொன்னா. ஒரு கையைப் பழக்கினால் பழக்காத கையிலும் ஓரளவு பலம் கூடும் என்று 1894இலேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் என்பவர் கண்டார். அதை யாழ்ப்பாணத்து வாங்கில் இருந்து, தமிழில், காசில்லாமல் கேட்டறிந்தேன். 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற மிஷன் வைத்தியர் தமிழில் வைத்தியம் படிப்பித்து, தமிழில் வைத்திய நூல்கள் ஆக்கிய மண் இது. உடைந்த உடம்பை மறுபடி நிமிர்த்துவதையும் யுத்தம் எங்களுக்குக் கட்டாயமாகக் கற்றுத்தந்தது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் செயற்கைக் கால் நிலையம் 1987இலிருந்து இயங்குகிறது. அந்தக் கால் ராஜஸ்தானில் உருவானது என்பதை நன்றியோடுதான் சொல்கிறேன்.

சென்னையில் வேறு உலகம். தெருவுக்கு ஒரு பிசியோ கிளினிக். மின்தூண்டல், அல்ட்ராசவுண்ட் எல்லாம் கையெட்டும் தூரத்தில். அக்கா கூட்டிப்போன இடத்தில் இத்தனை அமர்வுக்கு இவ்வளவு என்று பேக்கேஜ் போட்டார்கள். மருத்துவர் கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனால் அமர்வுகள் முடியும்போது கை தேறியிருக்க வேண்டும் என்ற நெருக்குதல் அவருக்கும் இருந்தது, காசு கட்டியவருக்கும் இருந்தது. எங்கள் கிளினிக்கில் அடுத்த திகதி போட்டு அனுப்புவார்கள், அவ்வளவுதான். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டுப் போனதால் அந்தத் திகதி தள்ளித் தள்ளிப் போகிறது என்பதும் உண்மை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் காசில்லாமல் பார்க்கிறார்கள். அங்கே எப்படி நடக்கிறது என்று அக்காவின் அயலவர்கள் சொல்லக் கேட்டதுதான்.

சொற்களும் பாடுபடுத்தின. எங்களுக்குச் சத்திரசிகிச்சை, அவர்களுக்கு ஆபரேஷன். எங்களுக்கு மிஸ், அவர்களுக்கு மேடம். இவை கேட்கச் சுவையானவை. ஆனால் “விரல் விறைக்குது” என்று நான் சொன்னபோது, அந்த ஜிம் தம்பி விரல் மடங்காமல் இறுகி நிற்கிறது என்று விளங்கிக்கொண்டு, கையை முழுதாக மடக்கி மணிக்கட்டைப் பின்னுக்கு வளைத்து நீட்டிவிட வந்தார். நரம்பு இழுபடக்கூடிய நிலை அது. “மரத்துப்போச்சு” என்று அவருடைய சொல்லில் சொன்ன பிறகுதான் கையை விட்டார். கடலைத் தாண்டிச் சிகிச்சைக்குப் போகும் எங்கள் ஆட்கள் இந்த ஒரு சொல்லையாவது மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவுக்கு உரிய பெருமையைக் குறைக்க எனக்கு விருப்பமில்லை. இதே உல்நார் நரம்பைத்தான் தொழுநோய் முழங்கைக்கு அருகில் தாக்கி விரல்களைக் கொக்கிபோல் மடங்க வைக்கிறது. அந்தக் கைகளை 1940களின் இறுதியில் வேலூரில் போல் பிராண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் திருத்தத் தொடங்கினார். உலகமே அங்கு வந்து கற்றது. 2014இலும் 2018இலும் பொதுநலவாயப் போட்டிகளில் பளுதூக்கித் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கமும் வேலூர்க்காரர்தான். கைக்கு வைத்தியமும் கைப்பலமும் ஓரூரில் சேர்ந்திருப்பது அழகு. ஆனால் வேலூரின் நிதானம் நான் கண்ட சென்னை ஜிம்முக்கு வந்து சேரவில்லை.

இயந்திரங்களால் பயன் இல்லை என்று சொல்லமாட்டேன். பிடி பலவீனமான காலத்தில் கையை நம்பாமல் தொடையைப் பழக்க லெக் பிரஸ் நல்ல உதவி. எங்கள் ஊர் ஜிம்மில் அது இல்லாததால் பஸ்கியும் படியேறுதலும் செய்தேன். கால் இளைக்கவில்லை. பாரத்துக்குத் திரும்பியபோது உள்ளங்கை உள்நோக்கியிருக்கும்படி சிறிய டம்பெல், முழங்கை செங்கோணத்துக்கு மேல் மடங்காமல், முழங்கையை எதிலும் ஊன்றாமல். தலைக்குப் பின்னால் பாரத்தை இறக்கும் டிரைசெப்ஸ் பயிற்சியும் டிப்ஸும் ஆகக் கடைசியில். அடுத்த நாள் காலை சுண்டுவிரலைத் தொட்டுப் பார்த்து, விறைப்புக் கூடியிருந்தால் பாரத்தைக் குறைப்பது. எங்கள் ஜிம்மை நடத்துகிற அண்ணர் மிஸ் எழுதித் தந்த தாளை வாங்கிச் சுவரில் ஒட்டிவைத்தார். சென்னையில் அந்தத் தாளை எவரும் கேட்கவில்லை.

இயந்திரம் சென்னையில் அதிகம், பொறுமை யாழ்ப்பாணத்தில் அதிகம். நரம்புக்கு வேண்டியது இரண்டாவது. இதை வாசிப்பவர்களில் யாருக்காவது சுண்டுவிரலும் மோதிரவிரலும் அடிக்கடி விறைத்தால், அல்லது மரத்துப்போனால், எந்தக் கரையில் இருந்தாலும் சதை வற்றும்வரை காத்திருக்காமல் வைத்தியரிடம் போங்கள். சத்திரசிகிச்சை முடிந்து பாரத்துக்குத் திரும்பும் அன்று, இயன் மருத்துவர் எழுதித் தந்த தாளை ஜிம்காரரின் கையில் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.