தட்டு யார் கையில்?

2016இல் வெளியான ‘தங்கல்’ பெண் விடுதலைப் படமாகக் கொண்டாடப்பட்டது. நான் அதை ஒரு சாப்பாட்டுத் தட்டின் கதையாகவே பார்க்கிறேன். புளிப்பும் காரமும் கூடாது, கோழிக்கறி வேண்டும், முடியை வெட்டு: எல்லாம் அப்பாவின் ஆணை. பயிற்சி மையத்துக்குப் போன கீதா முடி வளர்த்து நகப்பூச்சு பூசினால், அது தடம் மாறியதற்கு அடையாளம். தட்டு அம்மாவிடமிருந்து அப்பாவுக்கும், அப்பாவிடமிருந்து பயிற்சியாளருக்கும் கைமாறுகிறது. அந்தப் பெண்ணின் கைக்கு வருவதேயில்லை. அதே படத்துக்காக ஆமிர் கான் எடை கூட்டிக் குறைத்தது மட்டும் அர்ப்பணிப்பு என்று செய்தியானது.

படம் நின்ற இடத்திலிருந்து தொடர்கிறது கீதாவின் ஒன்றுவிட்ட தங்கை வினேஷ் போகட்டின் கதை. டோக்கியோவில் 53 கிலோ பிரிவில் ஆடியவர், 2024 பாரிஸில் 50 கிலோவுக்கு இறங்கினார். இறுதிப் போட்டிக்கு முந்தைய இரவு முழுக்க வியர்வை சிந்தி, முடியையும் வெட்டினார். ஆகஸ்ட் 7 காலையில் 100 கிராம் கூடுதல். தகுதிநீக்கம்.

அவசரமாக எடை குறைப்பதும் உணவுக் கோளாறும் ஒன்றல்ல. ஆனால் பட்டினியைப் பயிற்சியின் பகுதியாக்கும் இடத்தில் இரண்டுக்கும் நடுவிலான கோடு மெலிகிறது. மல்யுத்தம், குத்துச்சண்டை, ஜிம்னாஸ்டிக்ஸ், நெடுந்தூர ஓட்டம் ஆகியவற்றில் ஆபத்து கூடுதலாக இருப்பது அதனால்தான். உழைப்புக்கு ஏற்ற உணவு கிடைக்காத உடல், முதலில் மாதவிலக்கை நிறுத்தும். பிறகு எலும்பு மெலியும், விரிசல் விடும். இதைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் ஆற்றல் பற்றாக்குறை என்ற தனிப் பெயரிட்டு வரையறுத்தது. ஆண்களுக்கும் அது நேரும் என்றது.

எங்கள் திருத்தணியில் கிருத்திகை தோறும் விரதமிருந்து மலையேறும் பெண்களைப் பார்க்கிறேன். விரதம் நோயல்ல. ஆனால் குறைவாகச் சாப்பிடும் பெண்ணை ‘அடக்கமானவள்’ என்றும் ‘கட்டுப்பாடானவள்’ என்றும் மெச்சுகிற ஊரில், ஓடுகளத்துப் பெண் தட்டைத் தள்ளிவைத்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? பயிற்சியாளர் பாராட்டுவார். மாதவிலக்கு நின்றதை அவள் யாரிடமும் சொல்லமாட்டாள், அவர்களும் கேட்கமாட்டார்கள்.

பதக்கம் வாங்கிய பெண்ணைப் பற்றி இன்னும் பல படங்கள் வரும். அவளுக்குப் பசித்தபோது என்ன நடந்தது என்று அந்தப் படங்களிடம் கேட்போம். நம் பள்ளி மைதானங்களிலும் கேட்போம்.