எந்த மோட்டாரை எடுத்து வைப்பது?

கோலா சிலாங்கூரில், புக்கிட் ரோத்தானைத் தாண்டி பெஸ்தாரி ஜெயா போகும் சாலையை விட்டுச் செம்பனைக்குள் இறங்கினால், விடியற்காலையில் முதலில் காதில் விழுவது ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டாரின் சத்தம்தான். முன்மறைப்பு விரிசல் கண்டிருக்கும். இருக்கைத் தோல் கிழிந்து, அதன்மேல் உரப்பை சுற்றியிருக்கும். குலை வெட்டும் அரிவாள் பூட்டிய நீளக் கழியைப் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு ஒருவர் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். அந்த வண்டியை ஒருநாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள் என்று சொன்னால், அவரே நம்பமாட்டார்.

யமஹா ஆர்எக்ஸ்-இஸட்டைப் பற்றி இருபது ஆண்டுகளுக்கு முன் இப்படிச் சொல்லியிருந்தாலும் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். தோட்டத்து இளைஞர்கள் கடனுக்கு வாங்கி, ஓட்டி, விழுந்து, விற்ற வண்டி அது. 2011-இல் உற்பத்தி நின்றது. இன்று அதை வைத்திருப்பவர்கள் திரங்கானுவில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் திரள்கிறார்கள். அன்று விற்றவர்கள் விலையைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைக்கிறார்கள். அப்படியானால் இன்று சாலையில் ஓடுகிற எந்த வண்டி நாளைக்கு இந்த இடத்துக்கு வரும்? தமிழர்கள் வாழும் இரண்டு நாடுகள், இந்தியாவும் இலங்கையும், இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. சிலாங்கூர்த் தோட்டக்காரருக்கு இரண்டுமே பயன்படும்.

இந்தியாவில் ஒரு வண்டிக்கு மவுசு வருவது அது நின்றுபோன பிறகுதான். யமஹா ஆர்எக்ஸ்100 அங்கே 1985-இல் வந்தது. 98 சிசி, 11 குதிரைத்திறன், ஏறக்குறைய நூறு கிலோ எடை. கணக்கில் சிறியதாகத் தெரியும் இந்த எண்கள், இவ்வளவு இலேசான உடம்பில் சேர்ந்தபோது வண்டி துள்ளியது. 1996-இல் உற்பத்தி முடிந்தது. அதன் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்து எரியும். பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே புகைவழியாகத் தப்பிவிடும். புகைக் கட்டுப்பாடு இறுக இறுக அந்த வகை எஞ்சினுக்கு இடமில்லாமல் போனது. அதோடு அந்த வெடிச்சத்தமும் தெருவிலிருந்து மறைந்தது. இன்று தமிழ்நாட்டில் நல்ல நிலையில் இருக்கும் ஆர்எக்ஸ்100 ஒன்றின் விலை புதிய 150 சிசி பைக்கின் விலையைத் தொடுகிறது. வாங்குகிறவர் அந்தச் சத்தத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்.

இதே கதைதான் மைசூரில். 1961-இல் தொடங்கிய ஐடியல் ஜாவா ஆலை ஜாவாவையும் யெஸ்டியையும் செய்து, 1996-இல் மூடப்பட்டது. ஆலை இருந்தபோது அந்த வண்டிகளைப் பால்காரரும் காய்கறி வியாபாரியும் ஓட்டினார்கள். ஆலை போனபின் ஜூலை மாதத்து இரண்டாம் ஞாயிறு ஜாவா தினமாகி, ஊர் ஊராகக் கூடுகிறார்கள். ராஜ்தூத் 350 இன்னும் நல்ல சாட்சி. எண்பதுகளில் விலை கூடுதல், பெட்ரோலையும் குடிக்கும் என்று சனங்கள் ஒதுக்கிய வண்டி அது. குறைவாக விற்றதால் குறைவாகவே மிஞ்சியது, இன்று அதற்குத்தான் அலைகிறார்கள். சென்னை திருவொற்றியூரில் தயாரான புல்லட்டோ நின்றுபோகவே இல்லை. ஆனாலும் வலது காலில் கியர் போடும் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் தனிச் சாதியாகிவிட்டது.

அரசும் தன் பங்குக்கு ஒரு கோடு போட்டிருக்கிறது. 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, உடலும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாத வண்டிக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு எண் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம், தினசரி வேலைக்கு ஓட்டக்கூடாது. முதல் ஆர்எக்ஸ்100-க்கு அந்தத் தகுதி 2035-இல் வரும்.

பாக்கு நீரிணையைக் கடந்தால் கணக்கு மாறிவிடுகிறது. இலங்கையில் ஒரு வண்டியின் மதிப்பு, அது எதையெல்லாம் தாங்கி ஓடியது என்பதில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஹோண்டா எம்டி 90 என்றால் முகம் மலராதவர் குறைவு. உண்மையில் அது ஜப்பானிய அஞ்சல்துறைக்காக ஹோண்டா செய்த வண்டி, அதனால்தான் சிவப்பு நிறம். அங்கே கடிதம் சுமந்து ஓய்ந்தது, குடாநாட்டுக்கு வந்து குடும்பங்களைச் சுமந்தது. 1990-க்குப் பின் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் பொன்னானபோது, மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளில் அதுவும் ஒன்று. எஞ்சின் சூடாகாதபோது மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் பத்திரப்படுத்திய பெட்ரோலைக் கார்புரேட்டருக்குள் சில துளி விட்டு, உதைத்து, எஞ்சின் சூடேறிய பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரும்புகை கக்கும், பிளக்கில் கரி படியும், சுரண்டிவிட்டு மறுபடி உதைப்பார்கள். 1995 ஒக்டோபர் கடைசியில் போரினால் குடாநாட்டின் வலிகாமப் பகுதியே எழுந்து நடந்த இரவில், மூட்டையும் கிழவியும் பிள்ளையும் ஏற்றிய வண்டிகளுக்குள் இவையும் இருந்தன. அப்படி ஒன்றை வைத்திருப்பவரிடம் போய் விலை பேசுவது லேசான காரியமில்லை.

அந்நாட்டு எண் தகடும் ஒரு ஆவணம். 1957-இல் வாகன எண்ணில் சிங்கள எழுத்தில் ‘ஸ்ரீ’ வந்தபோது, தமிழரசுக் கட்சி எதிர்த்து இயக்கம் நடத்தியது, தமிழ் எழுத்தில் ‘ஸ்ரீ’ பொறித்து ஓட்டினார்கள். இன்று பழைய ஸ்ரீ எண் வண்டி என்றால் வயதும் வரலாறும் சேர்ந்தே தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கோடு போட்ட எண், அதற்கும் பிறகு மாகாண எழுத்து. தகட்டைப் பார்த்தே காலத்தைச் சொல்வார்கள்.

ஒன்றை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். 2020-இல் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது, 2025-இல்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகள் எல்லாம் கிடுகிடுவென விலையேறின. 2022-இல் எரிபொருள் பங்கீட்டுக் கியூஆர் முறை மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர் என்று தொடங்கியபோது, குறைவாகக் குடிக்கும் சின்ன எஞ்சினின் அருமை மறுபடி தெரிந்தது. ஆனால் அந்த விலையேற்றம் தட்டுப்பாட்டின் விலை. சந்தை திறந்ததும் இறங்கக்கூடியது. எம்டி 90 மேல் இருக்கும் பற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை. விலையேறியதையெல்லாம் அரும்பொருள் என்று எண்ணி வாங்குகிறவர் ஏமாந்துபோவார்.

இந்த மூன்று மண்ணையும் ஒரே எஞ்சின் இணைக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1958-இல் ஹோண்டா சூப்பர் கப் வந்தது. 2017-இல் அதன் உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. படுத்தவாக்கில் இருக்கும் அதன் சிலிண்டரின் வழிவந்ததுதான் 1985-இல் இந்தியாவுக்கு வந்த ஹீரோ ஹோண்டா சிடி100, 1994-இன் ஸ்பிளெண்டர், யாழ்ப்பாணத்து எம்டி 90, நம் தோட்டத்து சி70, 1987-இல் வந்த இஎக்ஸ்5. மலேசியாவுக்கு ஹோண்டாவை அதே 1958-இல் கொண்டுவந்தவர் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ. ‘கப்’ என்ற பெயரோடு சீனத்தில் சிறியதைக் குறிக்கும் ‘சாய்’ ஒட்டிக்கொண்டு ‘கப்சாய்’ ஆனது.

சிலாங்கூர்த் தோட்டங்களில் சி70-இன் பின்னால் பால்வாளி தொங்கிய காலம் ஒன்று இருந்தது. பால்மரம் வெட்டியவர்கள் அதில்தான் கொட்டகைக்குப் போனார்கள். சிந்திய பாலும் அமிலமும் மட்கார்டைத் தின்றுவிடும். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் இஎக்ஸ்5 வந்தது. இப்போது அதே வேலைக்கு எஃப்ஐ வண்டிகள் வந்துவிட்டன. ஆக, எதை எடுத்து வைப்பது?

முதல் இடம் கார்புரேட்டர் இஎக்ஸ்5-க்கு, அதுவும் அசல் மறைப்புகளும் அசல் வண்ணமும் கெடாமல் இருந்தால். ஊரெங்கும் இருக்கிறதே என்று நினைக்கலாம். ஊரெங்கும் இருப்பதால்தான் யாரும் பத்திரப்படுத்துவதில்லை. மைசூர்ப் பால்காரர்களின் யெஸ்டியும் அப்படித்தான் தேய்ந்தது. அடுத்தது மோடெனாஸ் கிரிஸ் 110. கெடா குருனில் 1996-இல் பிறந்த முதல் தேசிய மோட்டார் அது. ஐடியல் ஜாவா மூடியதும் ஆர்எக்ஸ்100 முடிந்ததும் அதே ஆண்டில்தான். முதல் வரிசைக் கிரிஸ் ஒன்று கைபடாமல் எங்காவது கிடைத்தால் விடக்கூடாது. இந்தியாவிலிருந்து வந்தவற்றில், 2020-இல் உற்பத்தி முடிந்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500, 2023-இல் இடத்தை 450-க்கு விட்டுக்கொடுத்த ஹிமாலயன் 411 இரண்டும் கவனிக்கத் தக்கவை. 2018-இல் உலகுக்கு 1,000 என்று எண்ணிச் செய்த பெகாசஸ் 500 மீது அவ்வளவு நம்பிக்கை வைக்க இயலாது. வாங்கிய எல்லோரும் போர்த்தி வைத்திருப்பதால் ஆயிரத்தில் பெரும்பாலானவை அப்படியே இருக்கும்.

புதிய வண்டிகளைப் பற்றிய பெரிய கவலை வேறு. ஆர்எக்ஸ்-இஸட்டின் சிலிண்டர் தேய்ந்தால் கடைசல் பட்டறையில் கால் மில்லிமீட்டர் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு ஓட்டிவிடலாம். மறுபடி தேய்ந்தால் அரை மில்லிமீட்டர். கார்புரேட்டர் அடைத்தால் ஜெட்டைக் கழற்றி ஊதினால் போதும். எஃப்ஐ வண்டியின் கணினிப் பெட்டியும், ஏபிஎஸ் தொகுதியும், வண்ணத் திரையும் முப்பது ஆண்டு கழித்துச் செத்தால் எந்தக் கடைசலிலும் செய்ய முடியாது. யமஹா ஒய்15-ஐ இன்று வாங்கும் பையன் அதை 2050-இல் ஓட்ட விரும்பினால், இப்போதே இன்னொரு கணினிப் பெட்டி (ஈசியூ) வாங்கி உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டியிருக்கும்.

தோட்டங்கள் கைமாறி, லயங்கள் இடிபட்டுக் குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கு வந்தபோது பழைய மோட்டார்களுக்கு இடமில்லாமல் போனது. வலிகாமத்தார் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார்கள். நம்மவர்கள் பழைய இரும்பு லாரிக்குப் போட்டுவிட்டு வந்தார்கள். இன்னும் சில சி70-கள் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடக்கின்றன. ரோட்டெக்ஸ் எப்போதோ செத்திருக்கும், கிராண்ட் எனும் உரிமைப் பத்திரம் அப்பா பெயரில் இருக்கும், அப்பாவும் இருக்கமாட்டார். வாரிசுப் பத்திரம் எடுத்துச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-யில் பெயர் மாற்ற அலைய வேண்டும் என்பதாலேயே பலர் கைகழுவிவிடுகிறார்கள். கிராண்ட் தொலைந்த வண்டியை உதிரிபாகத்துக்குத்தான் வாங்குவார்கள். அந்தத் தாள் இன்னும் பிஸ்கட் டின்னுக்குள், பழைய சம்பளச் சீட்டுகளோடு மடித்துக் கிடக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடலாம்.